2021 ஜனவரி 5: துருவத்தில் காற்று திரும்பிய நாளும் சென்னையில் கொட்டிய மழையும்

அன்று செவ்வாய்க்கிழமை. பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் காலையில் போட்ட மார்கழிக் கோலம் பத்து நிமிடம் நிற்கவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வைத்திருக்கிறேன். வானிலை மையத்தின் மழைக்கணக்கு காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை என்பதால் நானும் அதே நேரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு மாடி ஏறுவேன். மறுநாள் காலை ஏறியபோது குடுவை வழிந்து கிடந்தது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக "நிரம்பி வழிந்தது, கணக்கில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

சென்னையில் ஜனவரி முழுவதற்குமே சராசரியாக இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் பெய்யும். நவம்பரில் இப்படிக் கொட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஜனவரியில் கேட்பார்கள். அன்று இரவே அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது: வடதுருவத்தில் சுழல் உடைந்துவிட்டது, அதன் விளைவுதான் இந்த மழை, இன்னும் பத்து நாளைக்கு எச்சரிக்கை. அனுப்பியவர் யாரோ, எழுதியவர் யாரோ. அதற்குக் கீழே மூன்றாவது மாடி அக்கா என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்: "என்ன சார், வடதுருவத்துல ஏதோ உடைஞ்சிடுச்சாமே, அதான் நமக்கு இப்படிக் கொட்டுதா?"

பொய் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருப்பேன். போட முடியாமல் செய்தது அந்தத் தேதி. வடதுருவத்துக்கு மேலே காற்று திசை திரும்பியது உண்மை. அது திரும்பியதும் அதே ஜனவரி 5-ஆம் தேதிதான். செய்தியின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதிதான் சந்தேகம். பாதி உண்மையான செய்தியைக் கையாள்வது முழுப் பொய்யைக் கையாள்வதைவிடச் சிரமம். அதனால் உட்கார்ந்து தேடினேன். அப்படித் தேடியதன் பதிவு இது.

துருவத்தில் நடந்தது என்ன

வடதுருவத்தில் குளிர்காலம் என்றால் மாதக்கணக்கில் இரவு. சூரியன் இல்லாததால், வெயிலை உறிஞ்சி மேலே காற்றைச் சூடாக்கும் ஓசோனுக்கும் வேலையில்லை. மேகங்கள் உருவாகும் கீழடுக்குக்கு மேலே, மீள் அடுக்கு என்று நாம் சொல்லும் ஸ்ட்ரேட்டோஸ்பியர் அங்கே குளிர்ந்துகொண்டே போய் மைனஸ் 80 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். தெற்கே வெயில் படும் பகுதி அத்தனை குளிர்வதில்லை. இந்த வித்தியாசத்தால் துருவத்தைச் சுற்றி ஒரு பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓட ஆரம்பிக்கும். தரையிலிருந்து 15 கிலோமீட்டரில் தொடங்கி 50 கிலோமீட்டர் வரைக்கும் எழுந்து நிற்கும் வளையம் அது. துருவச் சுழல் என்பது இதைத்தான். அக்டோபரில் உருவாகி, வசந்தத்தில் வெயில் ஏற ஏறத் தானாகவே கரைந்து போகும்.

சில ஆண்டுகளில் கரையும் பருவம் வருவதற்குள், நட்டநடுக் குளிர்காலத்திலேயே இந்தச் சுழல் சிதைகிறது. சில நாட்களுக்குள் துருவத்தின் மேலே வெப்பநிலை 50 டிகிரி வரை எகிறிவிடும். இதற்கு வானிலையாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம், அதாவது 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டம். 60 டிகிரி வடக்கு அட்சரேகை. அந்த வளையம் முழுக்கக் காற்றின் சராசரியை எடுத்தால், மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது கிழக்கிலிருந்து வீசுவதாக மாற வேண்டும். மாறினால் அது பெரிய வகைத் திடீர் வெப்பமேற்றம். காசிமேட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பேச்சில் சொன்னால், மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நின்று, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் பிடித்துக்கொண்டது. பத்து ஆண்டுக்குச் சுமார் ஆறு முறை இப்படி நடக்கிறது.

முதலில் இதைப் பார்த்தவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஷெர்ஹாக். 1952 குளிர்காலத்தில் பெர்லினிலிருந்து விட்ட வானிலை பலூன்கள், இருக்க வேண்டியதைவிடப் பல பத்து டிகிரி கூடுதலாகக் காட்டின. கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம், அவர் ஒதுக்கவில்லை. வெடித்தது போன்ற வெப்பமேற்றம் என்றே தலைப்பிட்டு எழுதினார். ஏன் நடக்கிறது என்பது பிடிபட இன்னும் 19 ஆண்டுகள் ஆயின. 1971-ல் ஜப்பானின் தாரோ மாட்சுனோ அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மாட்சுனோவின் விளக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வெப்பம் எங்கிருந்தும் வந்து சேருவதில்லை என்பது. வெயிலும் இல்லை, வேறு எங்கிருந்தோ கடத்தி வந்த சூடான காற்றும் முக்கியக் காரணமில்லை. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கை வைக்க முடியாமல் சுடுமே, அதே விஷயம்தான். காற்றை அமுக்கினால் சூடாகும்.

அமுக்குவது யார் என்று கேட்டால் அலைகள். இமயமலை, ராக்கி மலைகள், பெருங்கடலுக்கும் கண்டத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு, இவற்றில் மோதி நெளியும் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளை எழுப்புகிறது. கோள் அலைகள் என்று பெயர். இவை பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேல்நோக்கியும் பரவும். 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான். காற்று மெலிய மெலிய அலையின் வீச்சு பெருத்துக்கொண்டே போகும். கீழே சின்ன நெளிவாக இருந்தது மேலே பூதமாகிவிடும். ஆழ்கடலில் படகைத் தூக்கி இறக்கும் அலை மெரினாவில் ஆழம் குறையும் இடத்தில் எப்படிக் கவிழ்ந்து உடைகிறதோ, அப்படி இவையும் ஒரு கட்டத்தில் உடைகின்றன. உடையும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மேல்காற்றுக்கு எதிராகத் தள்ளுகின்றன. காற்று தளர்கிறது. தளர்ந்த காற்று துருவத்தை நோக்கிச் சரிந்து கீழே அமிழ்கிறது, அமிழ்வதால் அமுங்குகிறது, அமுங்குவதால் சுடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோள் அலைகளால் மேற்கிலிருந்து வீசும் காற்றின் ஊடாக மட்டுமே மேலே ஏற முடியும். 1961-லேயே சார்னியும் டிராசினும் இதைக் காட்டியிருந்தார்கள். கோடையில் மேலே கிழக்குக் காற்று என்பதால் அலைகளுக்கு வழியில்லை, கோடையில் இந்த நிகழ்வும் இல்லை. குளிர்காலத்தில் மேலே ஓரிடத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதாகத் திரும்பிவிட்டால் அந்த இடத்தில் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்து வரும் அலைகள் அந்தக் கதவுக்குச் சற்றுக் கீழேயே உடையும். கதவு ஒரு படி கீழே இறங்கும். சிதைவு மேலிருந்து கீழாக வழிவது இப்படித்தான். தெற்கு அரைக்கோளத்தில் கடல்தான் அதிகம், பெரிய மலைத்தொடர்கள் குறைவு, அலைகளும் சோனி. அங்கே பெரிய வகை நிகழ்வு என்று 2002 செப்டம்பரில் ஒன்றுதான் பதிவானது. அப்போது அண்டார்டிக் ஓசோன் ஓட்டையே இரண்டாகப் பிளந்தது.

கீழே வந்தால் யாருக்குக் குளிர்

2018 பிப்ரவரி 12-ல் ஒரு நிகழ்வு. துருவச் சுழல் இரண்டாகப் பிளந்தது. இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் என் தங்கை அந்த வாரம் பேசியபோது வெயில் அடிக்கிறது என்றாள். அடுத்தடுத்து இரண்டு வாரம் போனது. பிப்ரவரி 26-ல் ரோம் நகரத்தில் பனி. அந்த வாரக் கடைசிக்குள் பிரிட்டன், அயர்லாந்து முழுக்க வெள்ளை. சைபீரியாவிலிருந்து கிழக்குக் காற்று நேராக வந்து இறங்கியது. அங்குள்ள பத்திரிகைகள் அதைக் கிழக்கத்தி மிருகம் என்று அழைத்தன. "பாலும் பிரெட்டும் கடையில இல்லண்ணா, சேமியாவ வச்சு ஓட்டிட்டிருக்கோம்" என்று தங்கை அழைத்துச் சொன்னது மார்ச் 2-ஆம் தேதி.

மேலே சிதைவு, கீழே குளிர், இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல். இது பல நிகழ்வுகளில் காணக்கூடிய போக்கு. பால்டுவினும் டன்கர்ட்டனும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, மேலே நடந்த மாற்றத்தின் சாயல் சுமார் 60 நாட்கள் வரை கீழே நீடிக்கிறது என்று காட்டியது. சுவரின் உச்சியில் ஊற்றிய பெயின்ட் மெல்ல மெல்ல இறங்கி வருவதுபோல் இருக்கும் அந்த ஆய்வில் உள்ள வரைபடம். கீழே வந்து சேர்ந்ததும், மத்திய அட்சரேகைகளில் ஓடும் வேகக் காற்றோட்டம் தெற்கே நகர்கிறது. ஆர்க்டிக் குளிர் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கப் பக்கங்களில் வழிகிறது. எல்லா நிகழ்வும் தரைவரை வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியிலேயே நீர்த்துப்போகிறவையும் உண்டு.

2021-க்கு வந்தால், ஜனவரி 5-க்கு ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து டெக்சாஸ் உறைந்தது. பிப்ரவரி 16-ல் டல்லஸில் மைனஸ் 19 டிகிரி. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போய், குழாய்கள் வெடித்தன. எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒருவர் பனியை வாளியில் அள்ளி உருக்கிக் கழிப்பறைக்கு ஊற்றிய கதையை வீடியோ காலில் காட்டினார். அந்தக் குளிருக்கும் ஜனவரி 5-க்கும் எவ்வளவு உறவு என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. டெக்சாஸுக்கே இப்படி என்றால், அதே நாளில் மடிப்பாக்கத்தில் பெய்த மழைக்கு?

மழைக்கு யார் பொறுப்பு

முதல் சிக்கல் நேரம். மேலே நடந்தது கீழே இறங்க வாரக்கணக்கில் ஆகும்போது, அதே நாளில் சென்னையில் கொட்டியதற்கு அது எப்படிக் காரணமாகும்? இந்த ஒரு கேள்வியோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிக்க விடவில்லை இன்னொரு விஷயம். துருவத்தில் காற்று கீழே அமிழ்ந்தால், ஈடு செய்ய வெப்பமண்டலத்தில் காற்று மேலே எழ வேண்டும். எழும் காற்று குளிரும். துருவம் சூடாகும் அதே நாட்களில் நம் தலைக்கு மேலே 30 கிலோமீட்டரில் சில டிகிரி குளிர்கிறது. இதற்கு வாரக்கணக்கு வேண்டியதில்லை, உடனுக்குடன் நடக்கும்.

சென்னைக்கு மேலே கீழடுக்கின் கூரை 16, 17 கிலோமீட்டரில் இருக்கிறது. துருவத்தில் எட்டு ஒன்பதுதான். மீனம்பாக்கத்தில் நாளுக்கு இரண்டு முறை பலூன் பறக்கவிடுகிறார்கள், காலை 5.30 மணி அளவீட்டுக்கு ஒன்று, மாலை 5.30-க்கு ஒன்று. விமான நிலையப் பக்கம் குடியிருப்பவர்கள் விடியலில் வெள்ளையாக ஒன்று மேலே போவதைப் பார்த்திருக்கலாம். அந்த பலூன் கூரையைத் தொடும்போது காட்டும் வெப்பநிலை மைனஸ் 80-ஐ ஒட்டி இருக்கும். வேர்த்து வழியும் ஊருக்கு மேலேதான் இந்தக் குளிர். இடிமேகங்கள் வளர்ந்து வளர்ந்து இந்தக் கூரையில் முட்டித்தான் பக்கவாட்டில் விரிகின்றன. கூரைக்கு மேலே கொஞ்சம் குளிர்ந்தால் மேகம் இன்னும் சற்று எம்ப முடியும். ஆக, துருவத்தில் நடப்பது வெப்பமண்டல மழையைத் தொட ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அவர்கள் கண்ட விளைவு பெரும்பாலும் பூமத்திய ரேகையை ஒட்டித் தெற்கே மேகங்கள் தழைப்பது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. 30 கிலோமீட்டரில் ஏற்படும் குளிர்வும் கூரை மட்டத்துக்கு வருவதற்குள் இளைத்துவிடும்.

அடுத்து, பழைய நோட்டுகளைப் புரட்டினேன். 2019 ஜனவரி முதல் நாட்களில் இதே போல ஒரு பெரிய வெப்பமேற்றம், சுழல் சிதைந்தது. சென்னையில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பிரச்சினையே. 2018 பருவமழை பொய்த்து, டிசம்பருக்குப் பிறகு 2019 ஜூன் 20 வரை சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் தரை தெரிய வறண்டன. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் லாரிக்கு முன்னால் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில், ஒரே மாதத்தின் முதல் வாரத்தில், ஒரே மாதிரியான துருவ நிகழ்வு. ஒரு முறை சென்னை வறண்டது, ஒரு முறை நனைந்தது.

எதிர்ப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 2015 டிசம்பர் 1-ஐச் சென்னையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த டிசம்பரில் துருவச் சுழல் சிதையவில்லை. வழக்கத்தைவிட உறுதியாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஊர் மூழ்க துருவத்தின் உதவி தேவைப்படவில்லை.

அப்படியானால் 2021 ஜனவரியில் பெய்தது எப்படி? அந்த வாரத்துச் செய்தி அறிக்கையைக் கேட்டவர்களுக்கு மனப்பாடமான வரிதான்: கிழக்கு திசைக் காற்றில் நிலவும் வேக மாறுபாடு. வேகமாக வரும் காற்றுக்கு முன்னால் மெதுவான காற்று போய்க்கொண்டிருந்தால், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் நெருக்குவதுபோலக் காற்று குவியும். குவிந்தால் மேலே ஏறத்தான் வேண்டும். கடலிலிருந்து வருவதால் ஈரத்தோடு ஏறும், கொட்டும். வழக்கமாக ஜனவரியில் இந்தக் கொண்டல் தெற்கே நகர்ந்துவிடும், நமக்கு வறண்ட வாடைதான் வரும். அந்த ஆண்டு அது நகரவில்லை. நிவர் புயல் நவம்பர் 25 இரவில் கரையேறிப்போன பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் வந்தது, அதற்குப் பிறகும் ஈரக்காற்று நின்றபாடில்லை. பசிபிக்கில் லா நினா, அதாவது பூமத்திய ரேகையை ஒட்டிய கடல்பரப்பு வழக்கத்தைவிடக் குளிரும் நிகழ்வு, நடந்துகொண்டிருந்தது. பொங்கலை ஒட்டி மணிமுத்தாறு, பாபநாசம் அணைகள் நிரம்பித் தாமிரபரணியில் வெள்ளம் போனது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைவிட்டது. வடகிழக்குப் பருவமழை அதிகாரபூர்வமாக விலகியது ஜனவரி 19-ல்தான்.

முதல் நாள் மழைக்குத் துருவம் காரணமில்லை என்று துணிந்து சொல்வேன். அதற்குப் பிறகும் நீடித்த மழையில் அதற்கு ஒரு துளிகூடப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஜனவரியை வைத்து அதைப் பிரித்தெடுக்க முடியாது.

நம்மூரில் அது தெரியும் இடம்

இந்தத் தேடலில் எதிர்பாராமல் கிடைத்தது திருநெல்வேலி. காந்தப் பூமத்திய ரேகை அந்த ஊரை ஒட்டிப் போகிறது. அதன் மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரங்களில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாயும். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே ஒரு மையமே நடத்துகிறது. காந்தமானிகளும் ரேடாரும் வைத்து இந்த ஓட்டத்தை அளக்கிறார்கள். துருவத்தில் பெரிய வெப்பமேற்றம் நடக்கும் நாட்களில் இந்த ஓட்டம் தடுமாறுவதை அங்கிருந்த ஆய்வாளர்களே 2009-ல் எழுதியிருக்கிறார்கள். காலையில் பலமாக இருந்து, பிற்பகலில் திசையே மாறி மேற்காகப் பாயும்.

இடையில் நிலவும் வருகிறது. கடலில் அமாவாசை பௌர்ணமிக்கு ஓதம் ஏறுவதுபோலக் காற்று மண்டலத்துக்கும் நிலவால் ஓதம் உண்டு, சாதாரணமாக மிகச் சின்னது. துருவச் சுழல் சிதைந்து காற்றுப் பின்னணி மாறும்போது அந்த ஓதம் பெருக்கப்படுகிறது. துருவத்தில் உடைந்த அலையின் சேதி நிலவின் தாளத்தில் பாளையங்கோட்டைக்கு மேலே வந்து சேருகிறது. மழைமானியில் இது விழாது, குடை நனையாது. அறிவியலாகப் பார்த்தால் நம் ஜனவரி மழையைவிட உறுதியான தொடர்பு இதுதான்.

தொடர்பு எதிர்த் திசையிலும் ஓடுகிறது. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசியை மேலடுக்குக் கிழக்குக் காற்று மேற்காக அள்ளிக்கொண்டு போனது. செப்டம்பர் இரண்டாம் வாரம் மதராஸ் மாகாணத்தில் சூரியன் பச்சையாக உதித்ததைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். வெகுகாலம் அந்தக் கிழக்குக் காற்று நிரந்தரம் என்றே நம்பினார்கள். 1960 வாக்கில்தான் பூமத்திய ரேகைக்கு மேலே உள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியர் காற்று சுமார் 28 மாதத்துக்கு ஒரு சுற்றாகக் கிழக்கும் மேற்கும் மாறி மாறி வீசுகிறது என்று தெரிந்தது. அது கிழக்கிலிருந்து வீசும் குளிர்காலங்களில் துருவச் சுழல் பலவீனமாகிறது, சிதைய வாய்ப்பு கூடுகிறது என்று 1980-ல் ஹோல்டனும் டானும் காட்டினார்கள். துருவத்திலிருந்து நமக்கு என்ன வருகிறது என்று குழுவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து அங்கே போவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இதில் அந்த வாரமே தெரிந்ததைச் சுருக்கி எட்டு வரியில் குழுவில் போட்டேன். இரண்டு கட்டைவிரல், ஒரு கும்பிடு. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது மாடி அக்காவிடமிருந்து பதில்: "நல்லா புரிஞ்சுது சார். அப்ப நாளைக்கு மொட்டை மாடில துணி காயப்போடலாமா?"

மாலை அறிக்கையைத் திறந்து பார்த்தேன். கிழக்கு திசைக் காற்றில் நிலவும் வேக மாறுபாடு அப்படியே இருந்தது.

"வேணாம்க்கா" என்று போட்டேன்.